ரெண்டு பேருக்கு ஒரே நம்பர் சர்டிபிகேட்: கையெழுத்த கொஞ்சம் நிறுத்தி வைங்க தம்பி

கேள்வி: அண்ணே வணக்கம். நான் ஒரு சப்கான் (துணை ஒப்பந்த) கம்பெனில சேஃப்டி கோஆர்டினேட்டரா சேந்து 5 மாசம் ஆவுது. சிங்கப்பூர் துவாஸ்ல ஒரு ஃபேக்டரி கூரை மாத்துற வேலைக்கு ஆள் சப்ளை பண்ற கம்பெனிலேந்து 11 பேரு வந்துருக்காங்க. எல்லாரோட சர்டிபிகேட்டும் வாட்ஸ்அப்ல பிடிஎஃப்பா வந்துச்சு. ஒயரத்து வேலை சர்டிபிகேட்ல ரெண்டு பேருக்கு ஒரே சீரியல் நம்பரு, பேரு மட்டும் வேற. பாஸ்கிட்ட சொன்னா "மெயின்கான் (முதன்மை ஒப்பந்தக்காரன்) கேக்குறது காப்பிதான, ஃபைல்ல போட்டு கையெழுத்து போடு"ங்குறாரு. அந்த ரெண்டு பேர்ல ஒருத்தரு எங்க பக்கத்து ஊரு, எனக்கு மாமா முறை. "மாப்ள காட்டிக் குடுத்துறாத, வாங்குன கடன் இன்னும் பாதி கெடக்கு"ங்குறாரு. சர்டிபிகேட் உண்மையா பொய்யான்னு உறுதியா எப்புடி பாக்குறது, பொய்யின்னா நான் என்னண்ணே பண்ணணும்?

பதில்:

தம்பி, எப்புடி பாக்குறதுன்னு சொல்றதுக்கு முன்னாடி ஒன்னு. இத படிச்ச உடனே அந்த ரெண்டு பேரையும் கூரையிலேந்து எறக்கிருங்க. போலின்னு முடிவு கட்டி எறக்க வேணாம், நாலு பேரு முன்னாடி சத்தம் போட்டும் எறக்க வேணாம், "பேப்பர் செக்கிங் முடியல, அது வரைக்கும் கீழ சாமான் எடுத்து குடுங்க"ன்னு சொன்னா போதும். பழைய ஃபேக்டரி கூரைன்னா வெளிச்சத்துக்காக நடு நடுவுல பிளாஸ்டிக் ஷீட் போட்ருப்பாங்க, அது வெயில்லயும் மழையிலயும் கெடந்து அப்பளமா ஆயிருக்கும், மேல தூசி படிஞ்சிட்டா தகரம் எது ஷீட் எதுன்னு கண்ணுக்கே தெரியாது, தெரியாம கால வச்சா நேரா கீழ காங்கிரீட் தரைதான். நீங்க பாஸ்கிட்ட பேசி, சப்ளை கம்பெனிக்கு போன் போட்டு, அவன் நாளைக்கு நாளைக்குன்னு இழுத்து எல்லாம் முடியிறதுக்கு ஒரு வாரம் ஆவும், அந்த ஒரு வாரமும் அவுங்க மேல நிக்கக் கூடாது, அவ்ளோதான்.

இப்ப கேள்விக்கு வர்றேன். நான் இந்த லைனுக்கு வந்த புதுசுல சர்டிபிகேட் பாக்குறதுன்னா கையில வாங்கி வெளிச்சத்துல புடிச்சு பாப்போம், முத்திர மேல வெரல வச்சு தடவி பாப்போம், லேமினேஷன் ஓரத்துல பிரிஞ்சிருக்கான்னு நகத்தால கீறி பாப்போம், பெரிய சிஐடி மாதிரி. அப்பவே அது பாதி வேலைதான். இப்ப சுத்தமா வேலைக்கு ஆவாது, ஏன்னா கையில போன் இருக்குற எவனும் பத்து நிமிசத்துல பேர மாத்தி ஒரு பிடிஎஃப் பண்ணிருவான், ஒரிஜினல விட நல்லாவே இருக்கும், நான் புடிச்ச ஒன்னுல லோகோ அவ்ளோ பளிச்சுன்னு இருந்துச்சு, அதுலதான் எனக்கு சந்தேகமே வந்துச்சு. உங்க கண்ணுல பட்டது ஒரே நம்பர் ரெண்டு தடவ வந்ததால, போலின்னா அத அடிச்சவன் சோம்பேறி, நம்பர மாத்த மறந்துட்டான். கொஞ்சம் சுறுசுறுப்பான ஆளா இருந்தா உங்களுக்கு தெரிஞ்சே இருக்காது. அதனால மத்த 9 பேப்பரும் நல்லதுன்னு நெனச்சுறாதீங்க, 11 பேரையும் பாக்கணும்.

பேப்பர மொறச்சு பாக்குறத விட்டுட்டு பதிவு வச்சிருக்குறவங்ககிட்ட கேளுங்க. மனிதவள அமைச்சோட இணையதளத்துல தொழிலாளியோட சேஃப்டி பயிற்சி பதிவ பாக்குறதுக்குன்னே ஒரு மின்சேவை இருக்கு, சேஃப்டி கோர்ஸ் நடத்துற சென்டருங்க பாஸான ஆளுங்க விவரத்த அமைச்சுக்கு அனுப்பணும், அந்த பதிவுதான் அங்க வரும். ஒவ்வொருத்தரோட ஒர்க் பெர்மிட் கார்ட நேர்ல வாங்கி, அதுல இருக்குற நம்பர நீங்களே பாத்து அடிங்க, சப்ளை கம்பெனி எக்ஸெல்ல அனுப்புன நம்பர அடிக்காதீங்க, ஏன்னா வேற ஒரு நல்ல ஆளோட நம்பர அந்த எடத்துல போட்டு வைக்கிற வித்தையும் உண்டு. அப்புறம் கோர்ஸ் பேரு, பாஸ் பண்ண தேதி, எப்ப காலாவதி ஆவுதுன்னு மூணையும் பேப்பரோட ஒத்து பாருங்க. பாத்துட்டு தேதி நேரம் தெரியிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்து அந்தந்த ஆளோட ஃபைல்ல வைங்க. ஒரு ஆளுக்கு ரெண்டு மூணு நிமிசம், 11 பேருக்கு அர மணி நேரம், ஒரு கோப்பி குடிக்கிற நேரத்துல முடிஞ்சிரும். இன்னொன்னு, அந்த ஸ்கிரீன்ஷாட்ட சைட் வாட்ஸ்அப் குரூப்புல போட்டுறாதீங்க, ஆளோட நம்பரு, பொறந்த தேதி எல்லாம் ஊருக்கே தெரிய வேண்டியதில்ல.

ஆனா பதிவு வரலன்னா ஒடனே போலின்னு குதிக்காதீங்க. இங்க நம்ம ஆளுங்க பேரு பெரிய தலவலி. பாஸ்போர்ட்ல அப்பா பேரு முன்னாடி இருக்கும், சர்டிபிகேட்ல பின்னாடி இருக்கும், செந்தில்குமார் ஒரு எடத்துல சேந்து இருக்கும் இன்னொரு எடத்துல செந்தில் தனியா குமார் தனியா, முருகேசனுக்கு ஆங்கிலத்துல நாலு ஸ்பெல்லிங்கு. அதுக்கு மேல, முந்தி ஒரு தடவ இங்க வேலை பாத்துட்டு ஊருக்கு போயி, கல்யாணம் முடிச்சுட்டு ரெண்டு வருசம் கழிச்சு வேற கம்பெனிக்கு திரும்பி வந்தவங்க இருப்பாங்க, அவுங்க கோர்ஸ் போனப்ப பழைய பெர்மிட் நம்பர குடுத்து பதிஞ்சிருப்பாங்க. என்கிட்ட ஒருத்தரு அப்புடி வந்தாரு, பதிவே இல்ல, நான் மொகத்த கடுப்பா வச்சுக்கிட்டு பேசிட்டேன், அவரு பெட்டிக்குள்ளேந்து பழைய கார்டோட ஜெராக்ஸ எடுத்துட்டு வந்தாரு, அத அடிச்சா பொட்டுன்னு வந்துச்சு. அன்னைக்கு அவருகிட்ட மன்னிப்பு கேட்டேன், அதுலேந்து "முந்தி இங்க வேலை பாத்தீங்களா, எந்த வருசம்"னு மொதல்லயே கேட்டுர்றது.

பயிற்சிக்கான அரசாங்க அமைப்பு ஸ்கில்ஸ்ஃபியூச்சர் சிங்கப்பூர் குடுக்குற டபிள்யூஎஸ்கியூ (தொழில் திறன்) சர்டிபிகேட்டுன்னா இன்னும் சுலபம். அதெல்லாம் இப்ப மின் சான்றிதழ்தான், ஓப்பன்செர்ட்ஸ்னு 2019ல அரசாங்கம் கொண்டாந்த ஒரு தளம் இருக்கு, சர்டிபிகேட்டோட அசல் ஃபைல அதுல போட்டா யாரு குடுத்தது, நடுவுல யாராச்சும் திருத்துனாங்களா, ரத்து ஆயிருச்சான்னு சொல்லிரும், ஒரு எழுத்த மாத்திருந்தாலும் செல்லாதுன்னு காட்டிரும். இங்க கவனிங்க, அசல் ஃபைலுன்னா வாட்ஸ்அப்ல வர்ற பிடிஎஃப் கெடையாது, அது வெறும் படம், கல்யாணப் பத்திரிக்கைய போட்டோ எடுத்து அனுப்புற மாதிரி. சப்ளை கம்பெனிகிட்ட அந்த ஃபைலயே கேளுங்க. பிடிஎஃப்ல கியூஆர் இருக்கே, ஸ்கேன் பண்ணா பச்ச டிக்கோட பேஜ் வருதேன்னு சொல்லுவாங்க. போலி பேப்பர் அடிக்கிறவனுக்கு போலி பேஜ் அடிக்கிறது கஷ்டமா? தளத்தோட முகவரிய நீங்களே டைப் பண்ணி உள்ள போங்க. பூம் லிஃப்ட் (ஆள மேல தூக்குற மேடை வண்டி) ஓட்டுற ஆளு, அதுக்கு பயிற்சி குடுக்குற ஐபிஏஎஃப் அமைப்போட கார்டு வச்சிருந்தாலும் அதே கததான், அவுங்க தளத்துலயே கார்ட் நம்பர போட்டு பாக்கலாம், கார்டு 5 வருசத்துக்குத்தான் செல்லும்.

இதுக்கும் பிடி குடுக்கலன்னா கோர்ஸ் நடத்துன சென்டருக்கு போன் பண்ணுங்க, ஆனா சர்டிபிகேட்ல அச்சடிச்ச நம்பருக்கு பண்ணாதீங்க. சில வருசத்துக்கு முன்னாடி நான் ஒரு சர்டிபிகேட்ல இருந்த நம்பருக்கு அடிச்சேன், ஒரு ஆளு ரொம்ப மரியாதையா எடுத்து "யெஸ் சார், நம்ம ஸ்டூடண்ட்தான் சார், ரொம்ப நல்லா பண்ணாரு சார்"னாரு. பின்னால லாரி ஹாரனும் யாரோ டீ ஆர்டர் பண்றதும் கேக்குது. எந்த ட்ரெயினிங் சென்டர்லங்க பதிவ தொறந்து பாக்காம ரெண்டு செகண்ட்ல பதில் சொல்லுவாங்க? அப்புறம் சென்டரோட சொந்த தளத்துலேந்து நம்பர எடுத்து அடிச்சா, அந்த மாதிரி ஒரு ஆளு அவுங்ககிட்ட படிக்கவே இல்ல. கூடவே அந்த சென்டருக்கு அந்த கோர்ஸ் நடத்த அனுமதி இருக்கான்னும் பாத்துருங்க, சென்டர் உண்மையா இருக்கும், ஆனா அவுங்க நடத்துறது வேற கோர்ஸா இருக்கும்.

எனக்கு ரொம்ப புடிச்ச செக்கிங் ஒன்னு இருக்கு, அதுக்கு நெட்டே வேணாம். சர்டிபிகேட்ல இருக்குற கோர்ஸ் தேதிய எடுங்க, அந்த ஆளோட பழைய டைம்கார்டையும் அவரு சிங்கப்பூருக்கு வந்த தேதியையும் எடுங்க. கோர்ஸ் நடந்த அன்னைக்கு அவரு எங்க இருந்தாரு? ஒருத்தரு கோர்ஸ் முடிச்சதா இருந்த நாளு முழுக்க சைட்ல ஓவர்டைமோட சேத்து டைம்கார்ட் அடிச்சிருந்தாரு, சம்பளமும் வாங்கிருந்தாரு. இன்னொருத்தரோட கோர்ஸ் தேதில அவரு இந்தியாவுலயே இருந்தாரு, தம்பி கல்யாணம். இன்னொன்ன பாத்து நான் சிரிச்சே புட்டேன், தீபாவளி அன்னைக்கு கோர்ஸ், அதுவும் தமிழ் வகுப்பு! தமிழ் வாத்தியாரு, தமிழ் ஆளுங்க, எல்லாரும் தீபாவளி அன்னைக்கு எண்ண தேய்ச்சு குளிக்காம ஹார்னஸ் (விழுந்தா உடம்ப தாங்குற பட்டை) மாட்டிக்கிட்டு ஒக்காந்திருந்தாங்களாம். போலி அடிக்கிறவனுக்கு நம்ம பண்டிக தெரியல.

அடுத்து, சர்டிபிகேட் உண்மையாவே இருந்தாலும் இந்த வேலைக்கு அது போதுமான்னு பாக்கணும். கட்டுமானத்துக்கு வந்த வெளிநாட்டு ஆளுங்க எல்லாரும் போற சிஎஸ்ஓசி சேஃப்டி கோர்ஸ் இருக்கே, அத வச்சுக்கிட்டு "சேஃப்டி கார்டு இருக்குண்ணே"ம்பாங்க. அது கட்டுமான வேலைக்கு அறிமுகம் மாதிரி. அதுவும் ஒரு தடவ பாஸ் பண்ணா ஆயுசுக்கும் இல்ல, கட்டுமானத்துல 6 வருசத்துக்கு மேல இருந்தவங்களுக்கு 4 வருசத்துக்கு ஒரு தடவ, மத்தவங்களுக்கு 2 வருசத்துக்கு ஒரு தடவ புதுப்பிக்கணும். ஒயரத்துல நிக்கிறதுக்கு 2013ல வந்த ஒயரத்து வேலை விதிகள்படி தனி பயிற்சி வேணும், அதுலயும் தொழிலாளிக்கு ஒன்னு, சூப்பர்வைசருக்கு ஒன்னு, ஆபத்த மதிப்பிடுற அசெசருக்கு ஒன்னு. தொழிலாளி கோர்ஸ் முடிச்சவர சூப்பர்வைசர்னு லிஸ்ட்ல போட்டா அதுவும் பொய்தான், யாரும் எதையும் திருத்தலன்னாலும். கிரேன்ல சாமான் கட்டுற ரிக்கருக்கும் சைகை காட்டுற சிக்னல்மேனுக்கும் லிஃப்டிங் சூப்பர்வைசருக்கும், குறுகலான எடத்துக்குள்ள எறங்குறவருக்கும் வெளிய நின்னு கண்காணிக்கிறவருக்கும் இதே கததான்.

சரி, பதிவு இருக்கு, தேதி சரி, லெவலும் சரி. அப்பயும் கையெழுத்து போடாதீங்க, ஆளப் பாருங்க. நான் சொல்ல வர்றதே இதுதான், பேப்பர் உண்மையா இருக்குறது வேற, ஆளுக்கு தெரிஞ்சிருக்குறது வேற. ராத்திரி ஷிஃப்ட் முடிச்சுட்டு நேரா கிளாஸ்ல வந்து ஒக்காந்து தூங்கி, பரீட்சையில பக்கத்துல பாத்து எழுதி பாஸானவங்கள எனக்கு தெரியும். நான் ஒரு ஹார்னஸ கையில குடுத்து "அண்ணே இத மாட்டி காட்டுங்க"ன்னு மட்டும் சொல்லுவேன், வேற ஒன்னும் பேச மாட்டேன். தெரிஞ்சவரு மாட்டுறதுக்கு முன்னாடி பட்டைய கையில உருவி பாப்பாரு, எங்கயாச்சும் வெட்டு இருக்கா தையல் பிரிஞ்சிருக்கான்னு, பக்கிள இழுத்து பாப்பாரு, டி ரிங் (கயிறு மாட்டுற வளையம்) முதுகுல ரெண்டு தோளுக்கும் நடுவுல வருதான்னு பாப்பாரு, தொடை பட்டைய ஒரு உள்ளங்கை நொழையிற அளவுக்கு இறுக்குவாரு. தெரியாதவரு சட்ட போடுற மாதிரி போட்டுக்குவாரு, தொடை பட்டை ரெண்டும் முழங்கால்ல வந்து தொங்கும். அவரு விழுந்தா ஹார்னஸ் உடம்ப தாங்காது, உடம்பு அதுக்குள்ளேந்து நழுவிரும்.

அப்புறம் ஒரு கணக்கு கேப்பேன். "கூரை 5 மீட்டர் ஒயரம், கொக்கிய உங்க காலுகிட்ட மாட்டிருக்கீங்க, லேன்யார்ட் (கொக்கிக்கும் ஹார்னஸுக்கும் நடுவுல உள்ள கயிறு) கிட்டத்தட்ட 2 மீட்டர், விழுந்தா அதுல இருக்குற ஷாக் அப்சார்பர் (அதிர்ச்சிய தாங்குற மடிப்பு) பிரிஞ்சு இன்னும் நீளும், உங்க ஒயரம் இருக்கு, இப்ப நீங்க தொங்குவீங்களா, தரையில நிப்பீங்களா?" எல்லாத்தையும் கூட்டுனா 5 மீட்டருக்கு மேல வரும், அப்ப 5 மீட்டர் கூரையில அந்த லேன்யார்ட் அவர காப்பாத்தாது, கொக்கி தலைக்கு மேல போவணும், இல்ல வேற மாதிரி ஏற்பாடு பண்ணணும். இத படிச்சவர விட வேலையில அனுபவப்பட்டவரு நல்லா சொல்லுவாரு. ஒரு தடவ செல்லாத பேப்பரோட வந்த ஒரு பெரியவரு இந்த கணக்க என்னோட சூப்பர்வைசருக்கே சொல்லி குடுத்தாரு, உண்மையான கார்டு வச்சிருந்த சின்ன பையன் முழிச்சான். அதுக்காக பெரியவர மேல ஏத்துனேனான்னா இல்ல, அந்த வாரமே கோர்ஸுக்கு அனுப்பிட்டு அப்புறம்தான் ஏத்துனேன். சட்டத்துக்கு பேப்பரும் வேணும், உசுருக்கு அறிவும் வேணும், எனக்கு ரெண்டும் வேணும். கேள்வி கேக்குறத தமிழ்லயே கேளுங்க, பெங்காலி ஆளுன்னா அவுங்க ஆளு ஒருத்தர வச்சு கேளுங்க, ஆங்கிலத்துல கேட்டா எல்லாருமே "ஓகே பாஸ்"தான்.

இப்ப உங்க பாஸ் விசயம். "காப்பிதான கேக்குறான்"ன்னு சொல்றவரு ஒன்ன மறந்துட்டாரு. கூரை 3 மீட்டருக்கு மேல, பெர்மிட் டு ஒர்க் (வேலை தொடங்க எழுத்துல குடுக்குற அனுமதி) இல்லாம யாரும் ஏற முடியாது. அதுல அசெசர் கையெழுத்து போடுறது நீங்க குடுத்த ட்ரெயினிங் லிஸ்ட்ட நம்பி, மேனேஜர் போடுறது அசெசர நம்பி. அடியில இருக்குற செங்கல் நீங்கதான். ஏதாச்சும் ஆச்சுன்னா அமைச்சுலேந்து வர்றவங்க மொதல்ல எடுக்குறது அந்த ஃபைலத்தான், அதுல முதல் கையெழுத்து யாருது? பாஸு வாயால சொன்னது எங்கயும் இருக்காது. வேலையிட பாதுகாப்பு சுகாதாரச் சட்டத்துல தனி ஆளுக்கு 200,000 வெள்ளி வரைக்கும் அபராதம், 2 வருசம் வரைக்கும் ஜெயில், இல்ல ரெண்டும், கம்பெனிக்கு மொத தடவையிலயே 500,000 வரைக்கும். அந்த சட்டத்துக்கு கீழ இருக்குற விதிகள மீறுறதுக்கு 20,000 வெள்ளியா இருந்த உச்ச அபராதத்த 2024 ஜூன் 1லேந்து 50,000 ஆக்கிட்டாங்க. போலின்னு தெரிஞ்சே அத உண்மைன்னு பயன்படுத்துனா அது குற்றவியல் சட்டத்துக்கு போயிரும், தம்பி, அதுக்கு சேஃப்டி அபராதம் கணக்கு இல்ல, போலீஸ் கணக்கு. நீங்க ஒரே நம்பர பாத்துட்டீங்க, பாஸ்கிட்டயும் சொல்லிட்டீங்க, இனிமே "எனக்கு தெரியாது"ன்னு சொல்லவே முடியாது.

அதனால வாயால பேசுறத நிறுத்திட்டு எழுதுங்க. சண்டை போடுற மாதிரி எழுத வேணாம். "பாஸ், இந்த ரெண்டு சர்டிபிகேட்லயும் ஒரே நம்பர் இருக்கு, அமைச்சு பதிவுல பாத்தேன், இது இது வருது, இது இது வரல, சரியாவுற வரைக்கும் ரெண்டு பேரையும் கூரை வேலைலேந்து எடுத்துட்டேன், அவுங்களுக்கு கோர்ஸ் புக் பண்ண உங்க சம்மதம் வேணும்"னு ஒரு ஈமெயில். கடைசி வரி முக்கியம், பாஸுக்கு ஒரு வழியையும் சேத்து குடுத்துர்றீங்க. பல தவுக்கேங்க (முதலாளிங்க) கெட்டவங்க இல்ல, நாளைக்கு ஆளு கொறையும், வேலை நின்னா மெயின்கான் பேக்சார்ஜ் (நஷ்டத்த நம்ம பில்லுல புடிக்கிறது) போடுவான்னு பயந்தவங்க. 2022ல வேலையிடத்துல 46 பேரு செத்தாங்க, 2023ல 36க்கு எறங்குச்சு, 2024ல மறுபடி 43, ஒயரத்துலேந்து விழுறது வருசா வருசம் அந்த கணக்குல முன்னாடியே நிக்கிது, இதயும் வேணும்னா பாஸ்கிட்ட சொல்லி பாருங்க. ஆனா என் அனுபவத்துல பேக்சார்ஜையும் வேலைய நிறுத்தச் சொல்லி அமைச்சு போடுற உத்தரவையும் பக்கத்துல பக்கத்துல வச்சு வெள்ளி கணக்கு காட்டுனாத்தான் சீக்கிரம் புரியிது. அப்பயும் "போடு கையெழுத்த"ன்னு நின்னாருன்னா போடாதீங்க, மெயின்கானோட சேஃப்டி ஆளுக்கு சொல்லுங்க, அதுக்கும் அசையலன்னா அமைச்சோட புகார் சேவையான ஸ்நாப்சேஃப்ல போட்டுருங்க. வேலை போயிருமோன்னு பயப்படுவீங்க, நியாயமான பயம்தான். அமைச்சு ஆளுங்களுக்கு ஒத்துழைச்சதுக்காக ஒருத்தர வேலைய விட்டு தூக்கக் கூடாதுன்னு அந்த சட்டத்துலயே இருக்கு, அப்புடி நடந்தா காட்டுறதுக்கு நீங்க அனுப்புன ஈமெயில், எடுத்த ஸ்கிரீன்ஷாட் எல்லாம் தேதியோட இருக்கணும், அதனாலதான் எழுதுங்க எழுதுங்கன்னு அடிச்சுக்கிறேன். போலி பேப்பர கிழிக்கவும் வேணாம், சப்ளை கம்பெனிக்கு திருப்பி அனுப்பவும் வேணாம், வந்த வாட்ஸ்அப் மெசேஜ அழிக்கவும் வேணாம்.

உங்க மாமா விசயத்த கடைசியா வச்சேன், அதுதான் கஷ்டம். நீங்க மறைச்சா அவருக்கு நல்லது பண்றதா நெனைக்கிறீங்க. அவரு கூரையிலேந்து விழுந்தா ஊருக்கு போயி அத்தைகிட்ட என்னன்னு சொல்லுவீங்க, பேப்பர் பொய்யின்னு எனக்கு தெரியும், கடன் இருக்கேன்னு விட்டுட்டேன்னா? அதுக்காக அவர நேரா புடிச்சு குடுங்கன்னும் நான் சொல்லல. மொதல்ல தனியா ஒக்கார வச்சு, இன்னொரு நம்பிக்கையான ஆளையும் கூட வச்சுக்கிட்டு கேளுங்க. எவ்ளோ குடுத்தீங்க, யாருகிட்ட குடுத்தீங்க, எங்க வச்சு, காசா குடுத்தீங்களா அக்கவுண்ட்ல போட்டீங்களா, கோர்ஸுக்கு போவணும்னு யாராச்சும் சொன்னாங்களா, இல்ல "காசு குடு கார்டு வரும்"னாங்களா? நெறைய பேருக்கு அது போலின்னே தெரியாது, ஏஜென்ட் வாங்கி குடுக்குற எல்லாத்தயும் போல இதுவும் ஒன்னுன்னு நெனச்சிருப்பாங்க. தெரிஞ்சு பண்ணாரா தெரியாம பண்ணாராங்குறதுதான் அவரு கதைய நிர்ணயிக்கும். தெரிஞ்சு பண்ணிருந்தா சிக்கல் அவருக்கும் உண்டு, அத மூடி மறைச்சு சொல்ல மாட்டேன். ஆனா விசாரணைக்கு முன்னாடி தானே போயி நடந்தத சொல்றவருக்கும், ஆக்சிடென்ட்டுக்கு அப்புறம் மாட்டுறவருக்கும் நெறைய வித்தியாசம் இருக்கு. எப்புடி சொல்றதுன்னு பயந்தாருன்னா மைக்ரண்ட் ஒர்க்கர்ஸ் சென்டருக்கு கூட்டிட்டு போங்க, தேசிய தொழிற்சங்க காங்கிரஸான என்டியுசியும் முதலாளிங்க சம்மேளனமும் சேந்து 2009ல ஆரம்பிச்சது, நம்ம ஆளுங்க அங்க தமிழ்லயே பேசலாம்.

ஒன்ன மட்டும் நடக்க விட்டுறாதீங்க. பேப்பர் பிரச்சனைன்னு தெரிஞ்ச உடனே சப்ளை கம்பெனிக்காரன் "அவன நாளைக்கே ஊருக்கு அனுப்பிர்றேன், விடுங்க"ம்பான். ரொம்ப நல்லவன் மாதிரி சொல்லுவான். ஆளு போயிட்டா யாருக்கு காசு குடுத்தாருன்னு சொல்ல ஆளு இல்ல, வித்தவன் அடுத்த வாரம் வேற சைட்டுக்கு 11 பேர அனுப்புவான். கடனோட ஊருக்கு போனவரு மட்டும் நஷ்டம். ஊருக்கு அனுப்புறதுக்கு முன்னாடி அமைச்சுக்கு தகவல் போயிருக்கணும், அத பாஸ்கிட்டயும் அந்த ஈமெயில்லயே எழுதிருங்க. புதுசா கோர்ஸ் அனுப்புற காச அவுங்க சம்பளத்துல புடிக்கவும் விட்டுறாதீங்க, இந்த போலி கட மொதல்ல தொறக்குறதே கோர்ஸ் காச ஆளு தலையில கட்டுறதால, ஒரு நாள் சம்பளமும் போயி கோர்ஸ் காசும் போறதுக்கு கம்மி வெலைக்கு ஒரு பேப்பர் வாங்கிருவோம்னுதான் நெனப்பாங்க.

அடுத்த தடவ ஆளு வர்றதுக்கு குறைஞ்சது மூணு நாளு முன்னாடி பேரு, நம்பரு, சர்டிபிகேட் அசல் ஃபைலு எல்லாம் வந்துறணும்னு சப்ளை கம்பெனிக்கு எழுதிருங்க. காலைல 7 மணிக்கு லாரிலேந்து எறங்கிக்கிட்டே பிடிஎஃப் அனுப்புனா அன்னைக்கு செக் பண்ண எவனாலயும் முடியாது, முடியாதுன்னு அவனுக்கும் தெரியும், அதனாலதான் அப்ப அனுப்புறான்.

11 பேரோட பதிவயும் பாத்துட்டு எனக்கு திரும்ப எழுதுங்க, பேரையும் நம்பரையும் மறைச்சுட்டு அனுப்புங்க. ஒரே நம்பர் இருந்த அந்த ரெண்டு சர்டிபிகேட்ல கோர்ஸ் தேதி என்னன்னு மறக்காம எழுதுங்க, அன்னைக்கு உங்க மாமா எந்த சைட்ல இருந்தாருன்னும் அவருகிட்டயே கேட்டு எழுதுங்க.